கூரை நீக்கிய மோட்டார் வண்டி

பௌதிக வகுப்பிலே ஒருநாள், மணியடிப்பதற்குச் சிறிது நேரம் இருக்கையில், மாணவரொருவர் எழுந்து வினாவொன்று விடுத்தனர். உலோகக் கூரையோடு கூடிய பந்தய மோட்டார் வண்டியொன்றின் கூரையை அறுத்தெடுத்து, அதனைத் திறந்த வண்டியாக மாற்றினால், வண்டியின் நிறை குறையுமா, கூடுமா என்பதே அவ்வினா. குறையும் என்பார் கையுயர்த்துக என்றோம். வகுப்பு முழுவதும் கையுயர்த்திற்று. ஒருவர் மட்டும் கூடும் என்றார். காரணம் யாதென வினவியபோது, "விடை அவ்வளவு எளிதாயிருந்தால் தாங்கள் எங்களைக் கையுயர்த்தச் சொல்லமாட்டீர்களே, ஐயா" என்றார். விடை சரியே, காரணம் பௌதிகத்தைச் சார்ந்ததன்று. அதற்குள் மணி அடித்துவிட்டமையால், அன்று தீர்க்காத அக்கடனை ஈண்டுத் தீர்க்கக் கருதுகின்றோம்.

செருப்புக் கடையிலிருந்து கொணர்ந்த அட்டைப் பெட்டியொன்றை எடுத்துக்கொள்க. மூடியை அகற்றிவிட்டு, பெட்டியின் இரு முனைகளையும் இரு கைகளாற் பற்றி, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குக. பெட்டி சிறிதும் எதிர்க்காமல் முறுகிக் கொடுக்கும். பின்னர் மூடியை இட்டு, அதன் விளிம்பு முழுவதையும் பசைத்தாளால் ஒட்டிவிட்டு முறுக்கிப் பார்க்க. கை வலிக்குமேயன்றிப் பெட்டி எளிதில் அசையாது. இனி மூன்றாவதாக, தட்டையான அட்டையொன்றை ஒட்டாமல் வெறுமனே மேலே வைத்து முறுக்குக. அட்டை விளிம்பின்மேல் நழுவிச் செல்ல, பெட்டி முதலிற்போலவே முறுகும். மேலே ஒரு தகடு இருப்பது போதாது, அது சுற்றிலும் இறுகப் பிணைந்திருத்தல் வேண்டும் என்பது இதனாற் புலனாகின்றது.

இதன் காரணத்தைக் கணக்கிட்டும் காணலாம். சராசரி விட்டம் 5 செ.மீ., சுவரின் கனம் 1 மி.மீ. உள்ள எஃகுக் குழாய் ஒன்றை முறுக்குவதாகக் கொள்வோம். முறுக்கும் விசை குழாயின் சுவரிலே, வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல், இடையறாது வட்டமாகச் சுற்றி ஓடுகின்றது. அக்குழாயின் நீளம் முழுவதும் ஓர் இரம்பத்தால் ஒரே கோடாகப் பிளந்துவிட்டால் அவ்வோட்டம் தடைப்படுகின்றது. ஆரத்தைக் கனத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, மூன்றாற் பெருக்கினால் இரண்டு நிலைக்கும் உள்ள வேற்றுமை கிடைக்கும்: 25-இன் வர்க்கம் 625, அதனை மூன்றாற் பெருக்க 1,875. பிளந்த குழாயைக் காட்டிலும் முழுக்குழாய் 1,875 மடங்கு முறுக்கத்தை எதிர்ப்பதாகும். குழாயிலிருந்து நாம் எடுத்தெறிந்த இரும்போ யாதுமில்லை. ஒரு கோடு கிழித்தோம், அவ்வளவே. முழு மூங்கிலையும் பிளந்த மூங்கிலையும் கையாண்டு பார்த்த கூடை முடைவோர் இதனைக் கணக்கின்றியே அறிவர்.

இன்னும் ஒரு விதி உண்டு. ஒரு குழாய் முறுக்கத்தை எதிர்க்கும் ஆற்றல், அக்குழாய் தன்னுள்ளே அடக்கிய பரப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அகன்ற ஒரு குழாயைப் போக்கிவிட்டு, அதற்கு ஈடாக ஒடுங்கிய இரு குழாய்களை வைத்தால், இழந்ததை அவ்வளவு எளிதில் மீட்க இயலாது.

இனி வண்டிக்கு வருவோம். இக்காலத்து மோட்டார் வண்டிகளுட் பெரும்பாலானவற்றிற்குத் தனியே அடிச்சட்டம் என்பது கிடையாது. தகட்டால் அமைந்த உடலே சட்டமாகவும் நின்று பாரம் தாங்குகின்றது. கீழே தளம், மேலே கூரை, முன்னும் பின்னும் குறுக்குச் சுவர்கள், இடையே தூண்கள் ஆகிய இவை ஒன்றோடொன்று இணைந்து, மனிதர் அமரும் இடத்தை ஓர் அகன்ற குழாயாக்குகின்றன. சாலையில் ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போதெல்லாம் இக்குழாய் முறுக்கப்படுகின்றது. கூரை வெயிலையும் மழையையும் மறைப்பதற்கென்று வைத்த குடை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அஃதோ வண்டியின் எலும்புகளுள் ஒன்றாயிருந்து உழைக்கின்றது.

இதனை நாம் நூலிற் கற்றதோடு நில்லாமல் கண்ணாலும் கண்டோம் என்பதைச் சற்று வெட்கத்தோடு சொல்லவேண்டியிருக்கின்றது. நம் நண்பரொருவர் இரு கதவுகளையுடைய பழைய மூடுவண்டியொன்றை வாங்கி, அதன் கூரையை அறுத்துவிடலாமா என்று நம்மிடம் யோசனை கேட்டனர். பௌதிகம் போதிக்கும் நாம், "பார்வைக்கு அழகாயிருக்கும்" என்று மட்டும் விடையிறுத்தோம். ஒரு பட்டறையில் அவ்வேலை நடந்தேறியது. டிங்கர் வேலையிற் குறைசொல்ல இடமில்லை. வெட்டிய விளிம்புகளையெல்லாம் வழவழப்பாகத் தேய்த்துச் சிவப்புச் சாயமும் பூசியிருந்தனர். முதல் உலாவிலே நம்மையும் ஏற்றிக்கொண்டு நண்பர் புறப்பட்டார். இரயில் பாதைக் கடவையொன்றைச் சற்றுச் சாய்வாகக் கடந்தபோது, முன் கண்ணாடி ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை 'சடக்'கென விரிந்தது. வண்டியை நிறுத்தி இறங்க முயன்றால் இடப்பக்கக் கதவு திறக்கவில்லை. பட்டறையில் கதவின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தனர். சமதரையில் நன்றாகவே மூடிற்று. ஜாக்கி கொடுத்து ஒரு சக்கரத்தை உயர்த்தியவுடன் மீண்டும் இறுகிக்கொண்டது. குற்றம் கதவில் இல்லை, கதவைத் தாங்கிய வாயிலே சதுரம் மாறி நின்றது என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. வேகமாகச் செல்லுகையில் இது நேர்ந்திருந்தால் என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பார்த்த நாம், நண்பரின் மனைவியார் முகத்தை அன்று நிமிர்ந்து நோக்கவில்லை.

அங்ஙனமாயின், கூரையை அறுத்து வெற்றி கண்டோர் இலரோ எனின், உளர். அவர்களுள் முதற்கண் எண்ணத்தக்கவர் ஜெர்மனி தேசத்து மெர்ஸிடிஸ்-பென்ஸ் யந்திரக் கலைஞர்கள். 1952-ஆம் ஆண்டில் அவர்கள் பந்தயத்திற்கென இயற்றிய 300 எஸ்.எல். என்னும் வண்டியின் வலிமை அதன் மேற்றகட்டில் இல்லை. மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த கூண்டொன்று உள்ளே இருந்து பாரம் முழுவதையும் தாங்கிற்று. முக்கோணமாதலின் ஒவ்வொரு குழாயும் நீளவாட்டில் இழுக்கப்படும் அல்லது அமுக்கப்படும், வளைக்கப்படுவதில்லை. அக்கூண்டு பக்கங்களில் உயர்ந்து நின்றமையால் வழக்கமான கதவு வைக்க இடமில்லாது போயிற்று. ஆகவே கதவைக் கூரையின் நடுவே கீல் வைத்து மேல்நோக்கித் திறக்கும்படி செய்தனர். இரண்டையும் திறந்தால் கடற்பறவையொன்று சிறகு விரித்தாற்போன்ற தோற்றம். அவ்வாண்டு பிரான்சு தேசத்து லெ மான் பந்தயத்தில் இவ்வண்டிகள் முதலிரண்டு இடங்களையும் பெற்றன. ஆகஸ்ட் மாதத்தில் நூர்பர்க்ரிங் பந்தயத்திற்கு வந்தபோது கூரை இல்லை. மூடிய வண்டிகளிற் சிலவற்றின் கூரையைக் களைந்தே திறந்த வண்டிகளாக்கியிருந்தனர். முதல் நான்கு இடங்களும் அவர்களுக்கே கிடைத்தன. கூரை அங்கே மெய்யாகவே வெறும் தொப்பி. எலும்பு வேறிடத்தில் இருந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. இப்பந்தய வண்டியைத் தழுவிய சாலை வண்டி 1954 பிப்ரவரியில் நியூயார்க் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. மூடிய வண்டியே அது. அதே சிறகுக் கதவு. அதே உயர்ந்த பக்கம். ஏறுவோர் முதலில் அவ்வுயர்ந்த விளிம்பைத் தாண்டவேண்டும். பக்கக் கண்ணாடிகளோ கீழிறங்கமாட்டா. வெயிற் பிரதேசங்களில் வாழ்ந்த செல்வர்க்கு இஃது இனிமையாயிருந்திராது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1957-இல் மூடிய வண்டியைக் கைவிட்டுத் திறந்த வண்டியை வெளியிட்டனர். இம்முறை கூண்டின் பக்கங்களைத் தாழ்த்திச் சாதாரணக் கதவு பொருத்த வேண்டியிருந்தது. அதனால் இழந்த வலிமையை மீட்கச் சட்டத்தையே திருத்தியமைக்க வேண்டியதாயிற்று. கூரையைக் களைவது எளிதாயிருந்தது. வாயிற்படியைத் தாழ்த்துவதே அரிதாயிருந்தது என்னும் இவ்வேற்றுமை நம் மாணவர் ஊன்றி நோக்கற்பாலது. மூடியவை 1,400-உம், திறந்தவை 1963 வரையில் 1,858-உம் செய்யப்பட்டன.

ஜப்பானிய வண்டியொன்றும் இவ்வகையைச் சார்ந்ததே. டொயோட்டா 2000 ஜி.டி. என்பது 116 செ.மீ. உயரமே உள்ள தாழ்ந்த மூடுவண்டி. 1967-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் திரைப்படமொன்றிற்காக இரண்டு வண்டிகள் திறந்தவையாக்கப்பட்டன. கதாநாயகராய் நடித்த ஷான் கானரி ஆறடிக்கு மேற்பட்ட உயரமுடையவராதலின், மூடுவண்டிக்குள் அவரை அமர்த்துவது இயலாது போயிற்று என்பர். அவ்வண்டிக்கு நடுவே முதுகெலும்புபோல் நீண்ட சட்டம் ஒன்று இருந்தமையால், கூரை போனாலும் முதுகு நின்றது. மழை பெய்தால் மூடுவதற்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை; திரைப்படத்தில் மழையை வேண்டும்போதே பெய்விக்கலாமன்றோ!

உடலே சட்டமாயுள்ள வண்டிகளின் நிலை வேறு. போர்ஷே நிறுவனத்தார் தம் 911 என்னும் மூடுவண்டியைத் திறக்க முற்பட்டபோது முழுவதும் திறக்கவில்லை. 1965-இல் அவர்கள் காட்டிய 'டார்கா' வண்டியில், அமர்வோர் தலைக்குப் பின்னே அகன்ற எஃகு வளைவொன்றை நிறுத்தி, அதற்கும் முன் கண்ணாடிக்கும் இடையேயுள்ள பகுதியை மட்டும் கழற்றும்படி செய்தனர். வண்டி கவிழ்ந்தாலும் தலைக்குக் காப்பாகும் என்பதும் அவர்கள் கருத்து. கூரை முழுவதும் மடங்கும் 911 வண்டி எண்பதுகளின் தொடக்கத்திலேதான் வந்தது. ஆங்கில நாட்டு ஜாகுவார் எக்ஸ்.ஜே.-எஸ். வண்டியும் அவ்வாறே படிப்படியாகத் திறந்தது. மூடுவண்டி வந்தது 1975; மேலே குறுக்குச் சட்டங்களை விட்டுவைத்து இடைப்பகுதியை மட்டும் திறந்தது 1983; கார்மான் என்னும் ஜெர்மானியக் கூடு கட்டுவோரின் துணையோடு முழுதும் திறந்தது 1988. பெருந்தொழிற்சாலையே பதின்மூன்று ஆண்டுகள் நடந்து கடந்த தூரத்தை, நம் நண்பரின் பட்டறை ஒரு வாரத்திற் கடந்துவிட்டது.

முறையாகச் செய்வோர் எவ்வாறு செய்கின்றனர்? இரம்பத்தைத் தொடுமுன் அவர்கள் இரும்பைப் பற்றவைக்கின்றனர். கதவு வாயில்கள் ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை குழாய்ச் சட்டங்களை வைத்து வாயிலின் வடிவத்தைப் பூட்டிவிடுவர். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொள்வர். வண்டியின் நடுவே முட்டுக் கொடாமல், சக்கரங்கள் தாங்கும் இடங்களிலேயே தாங்கி நிறுத்துவர்; இல்லையெனில் கூரை அறுந்தவுடன் உடல் சற்றே வளைந்து, வளைந்த நிலையிலேயே பிற வேலைகள் முடிந்துவிடும்.

பின்னர், கதவின் கீழே வாசற்படிபோல் நீளக் கிடக்கும் பெட்டி விட்டங்களே முதற் கவனத்துக்குரியவை. மேலிருந்த பெருங்குழாய் போனபின், இவ்விரு சிறு குழாய்களே அதன் வேலையை ஏற்கவேண்டும். ஆகையால் இவற்றின் உள்ளே தடித்த தகட்டை இட்டோ, பக்கத்தில் மற்றொரு பெட்டியைச் சேர்த்தோ அடக்கிய பரப்பைப் பெருக்குகின்றனர். இருக்கைகளின் அடியிலும் பின்னும் குறுக்கு விட்டங்கள் வைத்து இடமும் வலமும் இணைக்கின்றனர். முன் கண்ணாடித் தூண்களினுள்ளே எஃகுக் குழாய்களைச் செருகுதலும், தளத்தின் கீழே பெருக்கற்குறி வடிவிற் சட்டமிடுதலும் உண்டு. இவ்வளவும் இரும்பு, இவ்வளவும் நிறை. மடிக்கும் துணிக் கூரையும், அதன் கம்பிகளும், அதனை இயக்கும் மோட்டாரும் இன்னும் எண்ணப்படவில்லை. வகுப்பிலே கையுயர்த்தியவர்கள் இவ்விடத்தைப் படிக்கும்போது தம் கையைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

வண்டி முறிந்துவிழாதிருந்தால் மட்டும் போதாது, நடுங்காமலும் இருக்கவேண்டும். கரடுமுரடான சாலையில் ஓடும் வண்டியின் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 10 முதல் 15 தடவை துள்ளும் இயல்புடையது. ஒவ்வொரு வண்டியின் உடலுக்கும் தனக்கே உரிய அதிர்வெண் ஒன்று உண்டு. மூடிய உடலில் அது உயர்ந்து நிற்கும். கூரை நீங்கினால் தாழ்ந்துவந்து சக்கரத்தின் துள்ளலை நெருங்கும். ஊஞ்சலைத் தக்க தருணத்திலே தள்ளினால் சிறு குழந்தையின் கையும் பெருவீச்சை உண்டாக்குவதுபோல், அப்போது சிறு குழியும் முன் கண்ணாடியையும் ஸ்டீயரிங் சக்கரத்தையும் நடுநடுங்கச் செய்யும். கழற்றி மாட்டும் உலோக மூடியைப் பொருத்தினால் நடுக்கம் நின்றுவிடும் என்று சிலர் எண்ணுவர். நான்கைந்து கொக்கிகளால் மட்டும் மாட்டிய மூடி, செருப்புப் பெட்டியின்மேல் ஒட்டாமல் வைத்த அட்டைக்கு உறவு; சிறிது உதவும், அவ்வளவே.

காற்றையும் நீரையும் பற்றிச் சில சொற்கள் போதும். முன் கண்ணாடியைத் தாண்டிய காற்று சுழன்று பின்னோக்கி வந்து அமர்ந்திருப்போரின் பிடரியைத் தாக்கும். வண்டிக்கு எதிர்ப்பும் மிகும். துணிக் கூரையை மூடி விரைந்து செல்லுகையில் மேற்புறத்துக் காற்றழுத்தம் குறைவதால் துணி பலூன்போல் உப்பும். மழைநீர் வடிய வழி வைக்காவிடில், அது வலிமைக்கென்று நாம் சேர்த்த பெட்டி விட்டங்களிற் புகுந்து துருப்பிடிக்கச் செய்யும். இக்கடைசிக் குறை வெளியே தெரியாதாகையால் மிகவும் அஞ்சத்தக்கது.

வண்டி கவிழும்போது உயிருக்கு யாது காப்பு என்பதே எல்லாவற்றினும் பெரிய வினா. 1989-இல் வெளிவந்த மெர்ஸிடிஸ் எஸ்.எல். வண்டியில், கவிழும் அறிகுறி தோன்றிய 0.3 வினாடிக்குள் தானே எழுந்து நிற்கும் எஃகு வளைவொன்றை இருக்கைகளின் பின்னே மடித்து வைத்திருந்தனர். அறுத்து மாற்றிய வண்டிகளில் அத்தகைய ஏற்பாடு அரிது. இந்திய நாட்டிலோ சட்டமும் குறுக்கே நிற்கின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தி செய்தோர் முதலில் வகுத்த விவரத்தினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுதலைத் தடை செய்கின்றது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வற்புறுத்திற்று. இது வாலிபர்களின் உற்சாகத்தைக் கெடுக்கும் சட்டம் என்று நம்மிடம் முறையிட்டவர் உண்டு. அன்று கண்ணாடி விரிந்த ஓசையைக் கேட்ட நமக்கு அங்ஙனம் தோன்றவில்லை.

திறந்தால் விலை ஏறும் என்று கருதி அறுத்தோரும் உளர். இத்தாலி தேசத்து பெராரி நிறுவனத்தார் 1968-இல் வெளியிட்ட 'டேடோனா' என்னும் வண்டியில் மூடியவை ஆயிரத்துக்கு மேற்பட்டவை. தொழிற்சாலையிலேயே திறந்தவையாகச் செய்யப்பட்டவை நூற்றிருபதை ஒட்டியவை. அருமையால் திறந்தவற்றின் விலை உயர, பலர் மூடியவற்றை அறுத்து அவ்வண்ணமே செய்வித்தனர். இன்று வாங்குவோர் அடிச்சட்ட எண்ணைப் பார்த்து, பிறப்பிலே திறந்தது எது, பின்னர்த் திறந்தது எது என்று பிரித்தறிந்தே விலை பேசுகின்றனர்.

எலும்பு முழுவதையும் இடுப்புக்குக் கீழேயே வைத்துவிட்டால் கூரைக்கு வேலையே இராதன்றோ என்று கூரிய மாணவர் வினவக்கூடும். அவ்வாறு செய்ததும் உண்டு. ஆங்கில நாட்டு மக்லாரன் நிறுவனத்தாரின் 12சி என்னும் வண்டியில், கரி நாரைப் பசையில் இறுக்கி வார்த்த தொட்டியொன்றே உடலின் வலிமை முழுவதையும் தாங்குகின்றது. 2012-இல் அதனைத் திறந்த வண்டியாக வெளியிட்டபோது, உடலுக்கு வலிமை சேர்க்க அவர்கள் எதனையும் கூட்டவில்லை. ஆயினும் மடியும் கூரைக்கும் அதன் பொறிகளுக்குமாக 40 கிலோ நிறை கூடிற்று. கையுயர்த்தாத அம்மாணவர் இப்போது பொறியியல் பயிலச் சென்றிருக்கின்றார். இவ்விதழின் பிரதியொன்றை அவருக்கும் அனுப்பியிருக்கின்றோம்.